வீட்டோடு பார்த்துக்கொள்ள யாரை வைப்பது: தெரிந்த ஆளா, பெரிய கம்பெனியா, பக்கத்துச் சின்ன சர்வீஸா?

நாளை டிஸ்சார்ஜ் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று சாயங்காலம்தான் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சே தொடங்குகிறது. அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கும். இல்லையென்றால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்திருக்கும். பிள்ளைகளில் ஒருவர் பெங்களூரில், இன்னொருவர் வெளிநாட்டில். வார்டு ஆயாவோ செக்யூரிட்டியோ ஒரு போன் நம்பர் தருவார். கூப்பிட்டால், "ஆள் இருக்காங்க சார், காலையிலேயே அனுப்பிடறோம், அட்வான்ஸ் மட்டும் போட்டுடுங்க" என்று பதில் வரும். அந்தப் பதற்றத்தில் எடுக்கிற முடிவை வைத்துத்தான் அடுத்த சில வருஷங்களுக்கு வீட்டின் தூக்கமும் செலவும் அமையும். எல்லாவற்றையும்விட, படுத்திருக்கிறவரின் உடம்பு எப்படி இருக்கும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. தெரிந்தவர் மூலம் ஒருவரை நேராக வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய ஹோம் ஹெல்த் கம்பெனியிடம் போகலாம். அல்லது அதே ஊரில், அதே பகுதியில் பத்து இருபது பேரை வைத்து நடத்தும் சின்ன ஹோம் கேர் சர்வீஸை எடுக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைத்தாங்கல் தேவைப்படும் நிலையிலோ படுக்கையிலோ இருக்கும் முதியவருக்கு, நல்ல சின்ன சர்வீஸ் கிடைத்தால் அதுதான் மூன்றிலும் மேல். ஆனால் சின்ன சர்வீஸ் என்ற பெயரில் நடப்பவற்றில் பல, ஆள் பிடித்துத் தந்து கமிஷன் வாங்கும் புரோக்கர் வேலைதான். அப்படிப்பட்ட இடத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவதைவிட நேராக ஆள் வைத்துக்கொள்வது எவ்வளவோ நல்லது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் இங்கே முக்கியமான வேலை.

அந்த வேலையை நமக்காகச் செய்ய வேறு யாரும் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளின் கடமையையும் முதியோர் இல்லங்களையும் பேசும் அந்தச் சட்டத்தில் வீட்டுக்கு ஆள் அனுப்பும் சேவைகளைப் பற்றி எதுவும் இல்லை. அவற்றையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவர ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டது. அது சட்டமாகவில்லை. இங்கிலாந்தில், குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற உடல் பராமரிப்பை வீட்டில் வந்து செய்யும் சேவை சின்னதானாலும் அரசின் தர ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, பரிவோடு நடத்துகிறார்களா, தேவைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஐந்து கேள்விகளை வைத்து ஆய்வு செய்து அறிக்கையைப் பொதுவில் வெளியிடுகிறார்கள். நம் ஊரில் அந்த ஐந்து கேள்விகளையும் குடும்பம்தான் கேட்க வேண்டும்.

முதலில், என்ன உதவி வேண்டும்?

ஆளைத் தேடும் முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். குளிப்பது, உடை மாற்றுவது, கழிவறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர், மலத்தை அடக்க முடிவது, தானே சாப்பிடுவது. இந்த ஆறில் எதெதற்கு உதவி வேண்டும் என்று எழுதுங்கள். முதியோர் மருத்துவத்தில் 1960களிலிருந்து பயன்பட்டுவரும் கணக்கு இது. ஆறும் தானே செய்கிறவர், ஆனால் மாத்திரையை மறக்கிறார், தனியாக இருக்கப் பயப்படுகிறார் என்றால் அவருக்கு வேண்டியது துணை. இரண்டு மூன்றுக்குக் கை தேவை என்றால் பயிற்சி பெற்ற கேர்டேக்கர். ஆறுக்கும் ஆள் வேண்டும், மூக்கில் டியூபும் யூரின் பேக்கும் இருக்கிறது என்றால், கேர்டேக்கருக்கு மேலே ஒரு நர்ஸின் கண்ணும் வேண்டும். எந்த வகை என்று உங்களுக்கே தெளிவாகவில்லை என்றால் முதியோர் மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடலாம். சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக் கோட்டோ நீலச் சீருடையோ போட்டு வருகிற எல்லோரையும் நாம் 'நர்ஸம்மா' என்று கூப்பிட்டுவிடுகிறோம். நர்ஸ் என்றால் இரண்டு வருட ஏஎன்எம், மூன்று வருட ஜிஎன்எம் அல்லது நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவர். வீடுகளுக்குக் கேர்டேக்கராக வருபவர்களில் பெரும்பாலோர் அட்டெண்டர்கள். சில வாரமோ சில மாதமோ பயிற்சி எடுத்தவர்கள் உண்டு, அனுபவத்தில் கற்றவர்கள் உண்டு, முந்தாநாள் வரை வேறு வேலை பார்த்தவர்களும் உண்டு. அட்டெண்டர் என்பதில் ஒரு குறையும் இல்லை. குளிப்பாட்டுவதிலும் ஊட்டுவதிலும் நர்ஸைவிடக் கைபழகிய அட்டெண்டர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மூக்கு டியூபை மாற்றுவது, சிறுநீர்க் குழாய் போடுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அவர் வேலை இல்லை. "எல்லாமே எங்க ஆள் செய்வாங்க" என்று ஒரு சர்வீஸ் சொன்னால் அதை ஒரு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேராக ஆள் வைப்பது

இதன் பெரிய பலம், கொடுக்கிற சம்பளம் முழுக்க வேலை செய்கிறவர் கைக்குப் போவது. அதனால் அவர் நிலைத்து இருக்கிறார். ஒரே முகம், ஒரே குரல். ஞாபக மறதி நோய் உள்ளவர்களுக்கு இது மருந்துக்கு இணையான விஷயம். தெரிந்த ஊர், தெரிந்த குடும்பம் என்பதால் நம்பிக்கையும் இருக்கும். தாத்தாவுக்குப் பழைய சோறு எந்தப் பதத்தில் பிடிக்கும் என்பது ஒரு மாதத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.

பலவீனம், அவர் வராத நாள். பொங்கலுக்கு ஊருக்குப் போவார், குலதெய்வம் கோயில் திருவிழா வரும், அவர் மகளுக்குப் பிரசவம் இருக்கும். எல்லாமே நியாயமான காரணங்கள். அந்த நாட்களில் படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்க உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? இன்னொன்று, அவர் செய்வது சரியா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. தவறான பழக்கம் ஒன்று படிந்தால் வருஷக்கணக்கில் அப்படியே போகும். வீட்டில் பகலில் ஒருவராவது இருக்கிறார், முதியவருக்குத் துணையும் கைத்தாங்கலும் போதும் என்றால் இந்த வழி போதும். படுத்த படுக்கை என்றால் இதை மட்டும் நம்ப நான் சொல்ல மாட்டேன்.

பெரிய கம்பெனி

பில் வரும், ஒப்பந்தம் வரும், ஆப்பில் வருகைப்பதிவு தெரியும். நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், ஆக்சிஜன் மெஷின், வாடகைக் கட்டில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து தொண்டைக் குழாயோடு, அல்லது வீட்டிலேயே ஐசியு போல வைத்துப் பார்க்க வேண்டிய நிலையில் வருகிறவருக்கு முதல் சில வாரங்கள் இவர்கள்தான் சரி. அதில் செலவைப் பார்க்காதீர்கள்.

ஆனால் மாதக்கணக்கில் நீளும் பராமரிப்பில் இவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. ஆள் மாறிக்கொண்டே இருப்பார். குறை சொல்ல நினைத்தால் கால் சென்டர் எடுக்கும். புகார் எண் கொடுப்பார்கள். எண்பது வயதுப் பாட்டிக்கு வாரம் ஒரு புது முகம் வந்து புடவையை அவிழ்த்துக் குளிப்பாட்டினால் அவர் மனசு என்ன பாடுபடும்? பாட்டி வாயைத் திறந்து சொல்ல மாட்டார். குளிக்கவே வேண்டாம் என்பார், சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார். பிடிவாதம் என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

சின்ன சர்வீஸ்: இங்கேதான் கவனம் வேண்டும்

ஒரு நல்ல சின்ன சர்வீஸை நடத்துகிறவர் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்த ஒரு நர்ஸாக இருப்பார். அவருடைய ஆட்கள் எல்லோரையும் அவருக்குப் பேர் சொல்லித் தெரியும். பேஷண்டுகளையும் தெரியும். கூப்பிட்டால் ஸ்கூட்டியில் அரை மணியில் வந்து நிற்பார். இந்த மூன்றும் பெரிய கம்பெனியிடம் கிடைக்காது, நேராக வைக்கும் ஆளிடமும் கிடைக்காது. மோசமான சின்ன சர்வீஸும் வெளியிலிருந்து பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஒரு மாடி அறை, ஒரு போர்டு, ஒரு போன். வித்தியாசம் தெரிவது முதல் போன் காலில்.

புரோக்கர் கேட்பது இவ்வளவுதான்: ஆணா பெண்ணா, எத்தனை கிலோ இருப்பார், டயப்பரா பாத்ரூமா, எப்போதிலிருந்து ஆள் வேண்டும். இந்தத் தகவல் அவருக்குப் போதும், ஏனென்றால் எந்த ஆளை எந்த ரேட்டில் அனுப்பலாம் என்பதுதான் அவர் கணக்கு. நல்ல சர்வீஸ் நடத்துகிறவர், "நான் ஒரு தடவை நேர்ல வந்து பார்த்துட்டு சொல்றேனே" என்பார். வந்தால் டிஸ்சார்ஜ் தாளைக் கேட்பார். கட்டில் எவ்வளவு உயரம், பாத்ரூம் வாசலில் படி இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பார். முதியவரிடமே உட்கார்ந்து பேசுவார். ராத்திரி எத்தனை முறை எழுந்திருப்பார், எதைச் சாப்பிட்டால் புரையேறுகிறது, முன்பு என்ன வேலையில் இருந்தார் என்றெல்லாம் கேட்பார். கேர்டேக்கர் எங்கே படுப்பார், என்ன சாப்பாடு கொடுப்பீர்கள் என்றும் கேட்பார். கடைசிக் கேள்வியைக் கேட்டால் அந்த சர்வீஸை நம்பலாம் என்பது என் அனுபவம். தன் ஆட்களைப் பற்றி யோசிக்கிறவர்தான் பேஷண்டைப் பற்றியும் யோசிப்பார்.

அடுத்து, நீங்கள் கேட்க வேண்டியவை. முதலில், "உங்க ஆள் திடீர்னு வரலைன்னா என்ன செய்வீங்க?" இதற்கு, "அதெல்லாம் மாத்தி அனுப்பிடுவோம்" என்ற பதில் போதாது. மொத்தம் எத்தனை கேர்டேக்கர்கள், இப்போது எத்தனை வீடுகள் என்று கேளுங்கள். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு வீட்டில் இருக்கிறார்கள் என்றால் மாற்றி அனுப்ப யாரும் இல்லை என்றுதான் அர்த்தம். மாற்று ஆளாக இன்னார் வருவார், முதல் வாரத்திலேயே ஒருநாள் அவரையும் அழைத்துவந்து பேஷண்டைக் காட்டிவிடுவோம் என்று சொல்கிற சர்வீஸ் அபூர்வம். கிடைத்தால் விடாதீர்கள். அதேபோல, "நீங்க ஒரு வாரம் ஊர்ல இல்லைன்னா யார் பொறுப்பு?" என்றும் கேளுங்கள். எல்லாம் ஒரே ஆள் தலையில் நிற்பதுதான் சின்ன சர்வீஸின் பெரிய பலவீனம். இரண்டாவதாகப் பொறுப்பு எடுக்க ஒருவர், இன்னொரு நர்ஸோ மூத்த கேர்டேக்கரோ, இருந்தே ஆக வேண்டும்.

இரவைப் பற்றிக் கேளுங்கள். '24 மணி நேர டியூட்டி' என்று எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். 24 மணி நேரமும் விழித்திருக்க எந்த மனுஷியாலும் முடியாது. படுத்த படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஏர் பெட் போட்டுவிட்டோம், திருப்ப வேண்டாம் என்பது தவறு. அப்படியானால் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை யார் திருப்புவது? நேர்மையான சர்வீஸ் இதை வெளிப்படையாகப் பேசும்: இரண்டு ஷிஃப்ட் போட்டால் இவ்வளவு ஆகும், ஒரே ஆள் என்றால் ராத்திரியில் இரண்டு முறை வீட்டார் எழுந்திருக்க வேண்டும், பகலில் அவருக்குத் தொடர்ந்து மூன்று மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று. "அதெல்லாம் எங்க ஆளு பார்த்துக்குவாங்க" என்கிற இடத்தில், பார்த்துக்கொள்ளப் போவது யாருமில்லை.

அப்புறம் பணம். மாதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறோம். அதில் கேர்டேக்கர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். நீங்கள் கட்டுவது 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 22,000 அவருக்குப் போய், மீதியில் நர்ஸ் வந்து பார்ப்பதும் மாற்று ஆளும் பயிற்சியும் நடக்கிறது என்றால் அந்த 8,000க்கு அர்த்தம் உண்டு. 14,000 மட்டும் போகிறது என்றால், அவர் இன்னொரு இடம் கிடைத்ததும் கிளம்பிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. மாதத்தில் எத்தனை நாள் விடுப்பு, அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, அட்வான்ஸ் திரும்ப வருமா, பாதியில் நிறுத்தினால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், முதியவர் மருத்துவமனையில் சேர்ந்தாலோ இறந்துவிட்டாலோ மீதிப் பணம் என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடையாள அட்டை, போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் கட்டாயம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். கூகுளில் இருக்கும் நட்சத்திரங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குப் பதில், இப்போது சேவை நடந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டின் நம்பரையும், முடிந்துபோன ஒரு வீட்டின் நம்பரையும் அவர்கள் சம்மதத்தோடு வாங்கித் தரச் சொல்லுங்கள். முடிந்துபோன வீட்டார்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

இன்னும் ஒரு நல்ல அடையாளம், முடியாது என்று சொல்லத் தெரிவது. எங்கள் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது திருச்சியில் இப்படி ஒரு சர்வீஸ் நடத்தும் சிஸ்டர் வந்து பார்த்தார். "மூக்கு டியூப் எடுக்கிற வரைக்கும் நீங்க நர்ஸ் வச்சுக்கோங்க, நான் இப்ப ஆள் தர மாட்டேன். டியூப் எடுத்ததும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிற வருமானத்தை விட்டுவிட்டுப் போகிறவரிடம்தான் மாமியாரை ஒப்படைக்கத் தோன்றியது. டியூப் எடுத்த பிறகு அவரிடமே போனோம்.

நோட்டும் உடம்பும்

அந்த சிஸ்டர் முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு பக்கம் ஒரு நாள். காலை ஆறு மணி: பிரஷர், டயப்பர் மாற்றியது. எட்டு: இரண்டு இட்லி, அரை டம்ளர் கஞ்சி, புரையேறவில்லை. பத்து: இடது பக்கம் திருப்பியது. பன்னிரண்டு: மலம் போகவில்லை, இரண்டாவது நாள். பக்கத்தின் அடியில் 'தோல்' என்று தனியாக ஒரு வரி, அதில் குதிகால், இடுப்பு, பின்மண்டை. ஒருநாள் அந்த வரியில் 'இடுப்பு லேசா சிவப்பு' என்று இருந்தது. மறுநாள் காலை சிஸ்டர் வந்துவிட்டார். மாமியாரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வால் எலும்புக்கு மேலே இருந்த சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்தின இடம் வெளுத்துத் திரும்பவும் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, வெளுக்கவே இல்லையென்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் என்று எனக்கும் கேர்டேக்கர் அக்காவுக்கும் காட்டிக் கொடுத்தார். மாநிறம், கறுப்புத் தோல் என்றால் சிவப்பு தெரியாது, அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அன்றிலிருந்து மல்லாக்கப் படுக்க வைக்கும் நேரத்தைக் குறைத்தோம். புண் வரவில்லை.

தரம் என்று நான் சொல்வது இந்த மொத்தச் சங்கிலியையும்தான். பார்க்க ஒரு கண், எழுத ஒரு நோட்டு, படித்துவிட்டு வந்து நிற்க ஓர் ஆள். கேர்டேக்கர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மேலே இருக்கிறவர் நோட்டைப் படிக்கவில்லை என்றால் அந்தச் சிவப்பு ஒரு வாரத்தில் குழியாகிவிடும். அதனால் சர்வீஸிடம் கேளுங்கள்: நோட்டு உண்டா, யார் படிப்பார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை சொல்லாமல் வந்து பார்ப்பீர்கள்? ஆள் மாறும் நாளில் பழையவரும் புதியவரும் ஒரு மணி நேரமாவது சேர்ந்து இருந்து ஒப்படைப்பார்களா?

ஆள் வந்த முதல் வாரம் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து பாருங்கள். வேவு பார்ப்பது போல இல்லாமல், சேர்ந்து வேலை செய்துகொண்டே. தூக்கும்போது அக்குளில் கையைக் கொடுத்து இழுக்கிறாரா, அல்லது முழங்காலை மடக்கி, இடுப்பில் பெல்ட்டையோ துண்டையோ போட்டுத் தன் உடம்போடு அணைத்து எழுப்புகிறாரா? பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். பயிற்சி உள்ளவர் அந்தக் கையைத் தலையணையில் தாங்கி வைப்பார். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்ந்து உட்கார வைக்கிறாரா, முடிந்ததும் உடனே படுக்க வைக்காமல் அரை மணி நேரம் விடுகிறாரா? யூரின் பேக் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்குகிறதா? சுகர் பேஷண்ட் திடீரென்று வியர்த்து நடுங்கினால் என்ன செய்வீர்கள் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். சுகரைப் பார்ப்பேன், 70க்குக் கீழே இருந்தால், நினைவு இருந்து முழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுப்பேன், நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுவேன் என்று சொன்னால் அவருக்குச் சொல்லிக்கொடுத்த சர்வீஸ் நல்ல சர்வீஸ்.

இதைவிட முக்கியமானது, பேசுகிற விதம். குளிப்பாட்டும் முன் "அம்மா, தண்ணி ஊத்தவா?" என்று கேட்கிறாரா? கதவைச் சாத்துகிறாரா? ஒரு பக்கம் துடைக்கும்போது மறுபக்கம் துண்டால் மூடுகிறாரா? பல வீடுகளில் அப்பாவுக்குப் பெண் கேர்டேக்கர்தான் கிடைக்கிறார். வாழ்நாள் முழுக்கச் சட்டைப் பித்தானைக்கூடத் திறந்து விடாத ஒரு மனிதருக்கு அது எவ்வளவு சங்கடம் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். ஆண் கேர்டேக்கருக்குக் காத்திருக்க வேண்டியிருந்தாலும், கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும், அவர் விருப்பம் அதுவென்றால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். கேமரா வைப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கூடத்தில் வைக்கலாம், கேர்டேக்கரிடம் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். குளிக்கும், உடை மாற்றும் இடத்தில் கூடவே கூடாது. முதியவருடைய உடம்பு பிள்ளைகளின் போனில் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

யாருக்கு எது

நடமாட முடிகிற, மறதி தொடங்கியிருக்கிற அம்மா, கூடவே வேலைக்குப் போகும் மகன், மருமகள் என்றால் தெரிந்த ஒருவரை நேராகப் பகல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பக்கத்துச் சின்ன சர்வீஸ் ஒன்றிடம் பேசி வைத்து, அவர் ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் ஆள் தருவார்களா என்று கேளுங்கள். சிலர் தருகிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து குழாய்களோடு வருகிறவருக்கு முதலில் பெரிய கம்பெனியின் நர்ஸ், நிலை சீரானதும் சின்ன சர்வீஸ். இந்த மாற்றத்தை முன்கூட்டியே திட்டமிட்டால் செலவு நன்றாகக் குறையும். மாறும் நாளில் நர்ஸும் புது கேர்டேக்கரும் ஒருவரையொருவர் பார்த்துவிட வேண்டும்.

மாதக்கணக்கில் படுக்கை, பிள்ளைகள் வெளியூர், வீட்டில் வயதான துணைவர் மட்டும் என்றால், நர்ஸ் நடத்தும் சின்ன சர்வீஸ்தான். இங்கே தனி ஆளை நம்ப முடியாது, கால் சென்டரையும் நம்ப முடியாது. நோட்டின் பக்கத்தைத் தினமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதோடு உள்ளூரில் ஒரு சித்தப்பாவோ அத்தை மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கட்டும். வருகிற நேரம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

நல்ல சின்ன சர்வீஸ் உங்கள் ஊரில் இல்லை, அல்லது கட்டுப்படியாகவில்லை என்றால், அரசு தருவதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்திருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்கான நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவதும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். தினசரி குளிப்பாட்டவும் ஊட்டவும் அவர்கள் வர மாட்டார்கள். ஆனால் நேராக வைத்த ஆளுக்கு மேலே ஒரு நர்ஸின் கண் வேண்டும் என்று சொன்னேனே, அந்த இடத்தை ஓரளவு அவர்களால் நிரப்ப முடியும். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான். வீட்டு ஆள் செலவுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த வழியில் போனாலும், காரணம் தெரியாத கன்றல், கேர்டேக்கர் அறைக்குள் வந்ததும் முதியவர் பேச்சை நிறுத்திக்கொள்வது, திடீரென எடை குறைவது, பகலிலும் எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றே சர்வீஸை அழையுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். தூக்க மாத்திரை பட்டையில் எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் முதியோர் உதவி எண் 14567, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. கொடுத்த அட்வான்ஸ் வீணாகிவிடுமே என்று மாதக் கடைசி வரை காத்திருக்காமல் அன்றே ஆளை மாற்றுங்கள்.